ஒன்பதாவது நன்றியுரை

நாற்காலி வசதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஸ்டேஷன் நாற்காலி என்றால் ஒரு காலாவது ஆடும் என்று நினைத்திருந்தேன். மின்விசிறிக்கும் நன்றி. காலையில் கெங்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி வந்த கான்ஸ்டபிளுக்கும் நன்றி. மிளகாய்த் துவையல் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. அது கடைக்காரியின் குற்றம், கான்ஸ்டபிளைச் சொல்லிப் பயனில்லை.

சிரிக்காதீர்கள். வாயைத் திறந்தால் எனக்கு இப்படித்தான் வருகிறது. வருஷக்கணக்கில் பழகிப்போன வாய்.

கான்ஸ்டபிள் எழுத ஆரம்பிக்கலாம். பெயர் யாவ் ட்வெனெபோவா. வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் உள்நாட்டில், ஆற்றங்கரை. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கடற்கரை ஊரில், அனோமக்ரோமில், ஃபுட்பால் கோச். மேற்குக் கரை லீகில் மூன்று முறை என் அணி முதலிடம். பெரும்பாலான ஆட்டங்களை ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்திருக்கிறோம். பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வரும் என்பார்கள். தூங்குகிறவன் தோற்பதில்லை என்று நான் பதில் சொல்வேன்.

விருது விஷயம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வாக்குமூலம் என்றால் முறையாக இருக்க வேண்டும்.

எங்கள் லீகில் பதினாறு கிளப். வருஷா வருஷம் சிறந்த கோச் யார் என்று விளையாட்டு நிருபர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெயித்தவருக்கு வெண்கல விசில். பப்பாளிப்பழம் அளவு இருக்கும், ஊத முடியாது. கூடவே ஆளைப் படுக்க வைக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீஸர். இரண்டாவதாக வந்தவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தின் நடுவில் விருதுக் கமிட்டி சேர்மனின் முகம். முள் இரண்டும் அவர் மூக்கிலிருந்து கிளம்பும்.

இரண்டாவதாக வந்தவர்தான் நன்றியுரை சொல்ல வேண்டும். எவன் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியவில்லை. தோற்றவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போகக் கூடாது என்பதற்காக இருக்கலாம். பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட்காரர், பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விட்டவர், கடைசியில் ஜெயித்த கோச், அத்தனை பேருக்கும் அவன்தான் நன்றி சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே.

தொடர்ந்து ஏழு வருஷம் நான் இரண்டாவது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு கடிகாரம் ஓடுகிறது. என் மனைவி செர்வா ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, ஏழு சேர்மன் வரிசையா என்னையே மொறச்சுப் பாக்குறான். துணி மாத்தக்கூட கூச்சமா இருக்கு. ஒண்ணு அவன எறக்குங்க, இல்ல ஒரு ஃப்ரீஸராவது கொண்டாங்க."

மீன் மார்க்கெட்டில் இன்னும் மோசம். என் தலை தெரிந்தால் போதும். "அடியே, நன்றியுரை வர்றாரு, வழி விடுங்கடி" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். மீனை வாங்கிக்கொண்டு நகர்ந்தால், "என்ன கோச், அப்படியே போறீங்க? கத்திக்கு ஒரு நன்றி, தொட்டிக்கு ஒரு நன்றி, செத்துப்போன மீனுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போறது?" என்பாள் அடுத்தவள். மொத்த வரிசையும் சிரிக்கும்.

நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த விசில் மேல் எனக்கு ஆசை இருந்ததே இல்லை. இதைக் கான்ஸ்டபிள் கொஞ்சம் தெளிவான கையெழுத்தில் எழுதட்டும்.

எனக்கு இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்தான். எதை வைத்து ஓட்டுப் போடுகிறார்கள்? அதை ரேடியோவில் விளையாட்டுச் செய்தி சொல்கிற அராபா பிளாங்சனிடமே கேட்டேன். ஏழாவது கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தலை விட்டு வெளியே வந்த நேரம். அவள் ஒரு கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க கோச். நானே உங்களுக்குப் போடல."

"ஏன்மா? பதினெட்டு ஆட்டம் ஜெயிச்சிருக்கேன்."

"அது பாயிண்ட் டேபிள்ல இருக்கு. அத நான் ரேடியோல படிச்சா ஜனங்க பல்லு வெளக்க எழுந்து போயிடுறாங்க. ஓட்டு வேற சமாச்சாரம். கேட்டா நெஞ்சு அடைக்கணும்." கோழிக்காலை என் பக்கம் நீட்டினாள். "உங்ககிட்ட எல்லாம் இருக்கு கோச். கதைதான் இல்ல."

நான் அவளுக்கு நன்றி சொன்னேன். பழக்க தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். கடந்த ஏழு வருஷம் ஜெயித்தவர்களின் பெயரை எழுதினேன். எதிரே, ஏன் ஜெயித்தார்கள் என்று எழுதினேன். ஒருத்தருடைய பஸ் வழியில் நின்றுவிட்டது. ஆட்டக்காரர்கள் அதைப் பதினோரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து, மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அவருக்கு விசில். இன்னொருத்தர் கால் உடைந்து, தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடி சீசன் முழுக்க கோச்சிங் செய்தார். அவருக்கு விசில். வேறொருத்தர் காலையில் அம்மாவைப் புதைத்துவிட்டு மூன்று மணி ஆட்டத்துக்குத் துக்கத் துணியோடு வந்து நின்றார். ஆட்டம் டிரா. மைதானமே அழுதது. விசிலோடு அந்த வருஷம் ஃப்ரீஸருக்குப் பதிலாக டிவியும் கொடுத்தார்கள்.

பஸ், கால், சாவு. இதில் சாவுக்குத்தான் அதிக ஓட்டு. நோட்டில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். அது உங்கள் மேஜையில்தான் இருக்கிறது.

என் அம்மா பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டார், அதுவும் சீசன் இல்லாத மாதத்தில். அவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லாச் சாவும் ஒரே சாவு இல்லை. எங்கள் கிளப்பில் கால் பிடித்துவிடுகிற கிழவர் அபாக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் போனால் வெள்ளைத் துணிதான். பிராஸ் பேண்டு வைப்பார்கள், ஆடுவார்கள், சோறு எப்போது என்று கேட்பார்கள். போஸ்டரில் நிறைவாழ்வின் கொண்டாட்டம் என்று போடுவார்கள். ஒரு ஓட்டுக்கூட விழாது. முப்பதுகளில் போனால்தான் சிவப்பும் கறுப்பும். அப்போதுதான் போஸ்டரில் என்ன ஒரு அதிர்ச்சி என்று போட்டு, ரேடியோவில் சோகப் பாட்டு போடுவார்கள்.

ஆக, முப்பதுகளில் ஒருத்தர். கிளப்பைச் சேர்ந்தவர். கோல்கீப்பரை யோசித்தேன், லீக் முடிகிறவரை அவன் தேவைப்பட்டான். கேப்டனை யோசித்தேன், அவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது, அது பாவம். செர்வாவைப் பற்றி நினைக்கவே இல்லை. அதாவது, நினைத்தேன். ஆனால் மனைவி இறந்தால் அதற்கும் ஃபுட்பாலுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது ஒரு நிருபர் ஆரம்பித்துவிடுவார்.

எபோ எசுமனுக்கு முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. என் அசிஸ்டெண்ட் கோச்.

அவனைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. ஆட்டக்காரர்களுக்கு உயிர். தோற்றுவிட்டு வந்தால் நான் தோல்விக்குக் காரணம் சொல்வேன். அவன் என்னைப் போலவே நடந்து, என்னைப் போலவே தொண்டையைச் செருமி, "முதலில் எதிரணிக்கு நன்றி" என்று ஆரம்பிப்பான். பசங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த ஆட்டம் ஜெயிப்பார்கள். எனக்கு அவன்மேல் வருத்தம் ஏதும் இல்லை, மேடம். வருத்தம் இருந்து செய்திருந்தால் அது தப்பு.

அவன் மீனவர் மகன். ஆனால் நீச்சல் தெரியாது. இந்தக் கரையில் அது அதிசயமும் இல்லை.

எங்கள் கிளப்புக்கு ஒரு படகு உண்டு. நீலமும் மஞ்சளும் அடித்த சின்னப் படகு. தோள் பலத்துக்காக ஆட்டக்காரர்களை யானைப் பாறை வரை துடுப்புப் போட்டுப் போய்த் திரும்ப வைப்போம், நான் கரையில் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். செவ்வாய்க்கிழமை தவிர. செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு ஒரு படகும் இறங்காது. மீனவர்கள் எல்லாரும் பெரிய கரையில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். பாறைப் பக்கம் ஈ காக்கை இருக்காது. அதனால்தான் செவ்வாயைத் தேர்ந்தெடுத்தேன். லீகில் அப்போது நான்கு ஆட்டம் பாக்கி.

காலை ஆறு மணிக்கு அவனைப் படகு நிற்கிற இடத்துக்கு வரச் சொன்னேன். கையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"கோச், இன்னிக்கு செவ்வாய்."

"தெரியும்டா. நாம என்ன மீன் பிடிக்கவா போறோம்? பாறைக்குப் பின்னால தூரம் அளக்கணும். பத்து நிமிஷம்."

"இத எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை கடலப் பாத்துக் குசு விட்டாலே ஆட்டக் கொண்டா, பாட்டிலக் கொண்டான்னு நிக்கிற ஆளுங்க அவங்க."

"பயமா இருந்தா நீ இரு. நான் மட்டும் போறேன்."

"நீங்க மட்டுமா?" என்று ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான். "துடுப்ப எந்தப் பக்கம் பிடிக்கணும்னே போன வருஷந்தான் கத்துக்கிட்டீங்க. நீங்க நேரா பிரேசிலுக்குப் போயிடுவீங்க. நகருங்க, நானும் வர்றேன்."

எனக்குத் துணையாகத்தான் வந்தான். இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல பையன்.

பாறைக்குப் பின்னால் போனதும், எழுந்து நின்று கரையிலிருக்கிற கொடிக்கம்பம் தெரிகிறதா பார் என்றேன். எழுந்து நின்றான். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். படகு கவிழவில்லை, அவன் மட்டும்தான் விழுந்தான். மேலே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். "கோச், உங்க லட்சணத்துக்கு..." என்று ஏதோ சொல்ல வந்து தண்ணீர் குடித்துவிட்டான்.

நான் துடுப்பை நீட்டினேன். அவன் கைக்கு ஒரு முழம் எட்டாத தூரத்தில் நீட்டினேன். எனக்குச் சரியாக நீட்டத் தெரியவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் கோச். இந்தப் பக்கம். இல்ல இல்ல, இடது பக்கம். நீங்க பதறாதீங்க கோச்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசிவரை அவன்தான் எனக்குக் கோச்சிங் கொடுத்தான்.

நான் பதறவில்லை.

ஸ்டாப்வாட்சை எப்போது அழுத்தினேன் என்று ஞாபகமில்லை. பழக்கத்தில் கை அழுத்தியிருக்கிறது. நான்கு நிமிஷம் பத்து செகண்ட். அதை இன்னும் அழிக்கவில்லை. உங்களிடம் இருக்கிற உறையைப் பிரித்தால் பார்க்கலாம்.

உங்கள் ஸ்டேஷனில் முதலில் நான் சொன்னது பொய், மேடம். எபோ தனியாகக் குளிக்கப் போனான், நான் அப்போது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். கோடு போட்டது உண்மை. எட்டு மணிக்குப் போட்டேன். அன்றைக்குத்தான் அது நேராக வந்தது.

இரண்டு நாள் கழித்துத் துறைமுகச் சுவரோரம் ஒதுங்கினான். எட்டாம் நாள் துக்கக் கூட்டம். அடக்கத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பெட்டி இல்லாமலே ஐந்நூறு பேர், எல்லாம் சிவப்பும் கறுப்பும். அராபா மைக்கை என் வாயருகே கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"கோச், உங்க அஞ்சு பேர் தடுப்பாட்டம்... அத யோசிச்சது யாரு?"

இந்த இடத்தில்தான் நான் பிசகிவிட்டேன். பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொன்னால் கதைக்கு நல்லது என்று தோன்றியது. "எபோதான்" என்றேன்.

"கார்னர் அடிக்கிறதுல அந்தப் புது முறை?"

"எபோ."

"எழுபதாவது நிமிஷத்துல ஆள் மாத்துறது?"

"எல்லாம் அவன் மூளைதான்மா. நான் சும்மா கோடு போடுறவன்."

அவள் ரேடியோவிலேயே அழுதுவிட்டாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ராப்பகலாக நான் யோசித்ததையெல்லாம் ஒன்றொன்றாக எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தேன். துக்க வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம். போனவன் சோம்பேறி என்றால் நிதானமானவன் என்கிறோம். குடிகாரன் என்றால் நண்பர்கள் அதிகம் என்கிறோம். அதை எவனாவது நம்புவானா? இவர்கள் நம்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் மீனவர் தலைவர் ஆளனுப்பினார். கடலில் மீனே படவில்லையாம். செவ்வாயன்று யாரோ படகிறக்கியிருக்கிறார்கள் என்று விசாரித்ததில், மலைமேல் விறகு பொறுக்கிய பெண்கள் நீலமும் மஞ்சளுமாக ஒரு படகைத் தூரத்தில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நேரடியாகப் பேசமாட்டார். அவருடைய பேச்சாளர் கோலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

"கோச், அது உங்க படகுதானா?"

மேடம், நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையில் ரெஃப்ரீ ஊதிய விசிலை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. ஃபவுல் என்றால் ஃபவுல். "ஆமாங்க" என்றேன்.

"எத்தன பேரு போனீங்க?"

"நானும் எபோவும்."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். பேச்சாளர் பெருமூச்சு விட்டார்.

"நீங்க உள்நாட்டு ஆளு. உங்களுக்குத் தெரியாது. அவன் கரையில பொறந்தவன், தெரிஞ்சே எறங்கியிருக்கான். கடல் தனக்கு வேண்டியத எடுத்துக்கிச்சு." அப்புறம் குரல் மாறியது. "தண்டம் ஒரு ஆடு, ரெண்டு பாட்டில் ஜின். கொம்பு ஒடஞ்ச ஆட்டக் கொண்டாந்து ஏமாத்தாதீங்க."

அவ்வளவுதான். அவர்கள் கணக்கில் செய்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. கடல்தான். அதனால் உங்களிடம் வந்து சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆட்டையும் பாட்டிலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல கொழுத்த ஆடு. என் மனசு லேசாகிவிட்டது. தண்டம் கட்டியாயிற்று, ஆட்டம் தொடரலாம். மறுநாளே மீன் பட்டது என்றார்கள்.

ஒன்பது வாரம் கழித்து அடக்கம். நான்தான் பெட்டிக்கு முன்னால் நடந்தேன். அதற்குள் நாங்கள் லீகில் முதலிடம் வந்திருந்தோம், கடைசி நான்கு ஆட்டமும் ஒன்றுக்கு சைபர். நிருபர்களுக்கு ஓட்டுச் சீட்டு போய்விட்டது. மார்க்கெட்டில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. ஒருத்தி காசு வாங்காமல் மீன் கொடுத்தாள். செர்வா ஃப்ரீஸர் வைக்கக் கூடத்தில் இடம் ஒதுக்கினாள். அளவு சரியா என்று ஒருமுறை நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். அவள் சொன்னதால் பார்த்தேன், எனக்காக இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் விழா. நீங்களும் வந்திருந்தீர்கள், மூன்றாவது வரிசை. கையில் கறி அடைத்த மீட் பை.

எந்த விழா என்றாலும் முதலில் முன்னோருக்கு ஜின் ஊற்றிக் கூப்பிட வேண்டும். இந்த வருஷம் எபோவின் நினைவாக மீனவர் தலைவரின் பேச்சாளரையே ஊற்றச் சொன்னார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கை யாரோ வாயருகே பிடிக்க, தரையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே பேசினார். தெய்வத்திடம் பேசும்போது ஒன்றையும் விடக் கூடாது, இல்லையா? அவர் ஒன்றையும் விடவில்லை.

"செவ்வாய்க்குச் சொந்தக்காரியே, வா, குடி. மண்ணுக்குள்ள இருக்கிறவங்களே, வாங்க, குடிங்க. எபோ எசுமனே, வா, குடி. கடல் தாயே, உன் ஓய்வு நாளில ரெண்டு பேரு படகில போனாங்க. ஒருத்தன் திரும்பினான். திரும்பினவன் கோச் ட்வெனெபோவா ஆடு கொடுத்துட்டான், ரெண்டு பாட்டில் கொடுத்துட்டான். ஆடு நல்ல ஆடு. உனக்கும் எங்களுக்கும் இனி வழக்கில்ல. மீனக் கொடு."

"கொடு" என்று கூட்டம் பதில் சொன்னது. கூட்டத்தில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்திருந்தது. ஆனால் உங்கள் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. நான் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்து வந்தது. அராபா மேடையேறினாள்.

"இந்த வருஷ முடிவ எடுக்க எங்களுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அந்தத் தடுப்பாட்டம் யாரோடது? அந்த கார்னர் யாரோடது? அவரோட தலைமைக் கோச் தன் வாயாலயே நமக்குச் சொன்னாரு. சிறந்த கோச், மறைந்த எபோ எசுமன்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்ச நேரம் அது என்ன சத்தம் என்றே எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது பரிசு கோச் ட்வெனெபோவா என்றதும் கால் தானாகவே மேடைக்குப் போய்விட்டது.

எபோவின் அம்மா எகுவா விசிலை வாங்கினார். கனம் தாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கப்பா. நீதான அவனத் தூக்கிவிட்ட, இதையும் நீயே தூக்கு" என்றார். வாங்கிக்கொண்டேன். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அது என் கையில். அடியில் ஒரு கீறல் இருக்கிறது, தூரத்திலிருந்து தெரியாது. போட்டோ எடுத்தார்கள். ஒரு கையில் விசில், இன்னொரு கையில் கடிகாரம், நடுவில் அழுகிற அந்தம்மா. யாருடைய விசில் என்று படத்தில் தெரியாது என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்தீர்களா?

அப்புறம் எட்டாவது நன்றியுரை. பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட். எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் ஜெயித்த கோச்சுக்கு நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? "எபோவுக்கு நன்றி. கடைசி நிமிஷம்வரை, பதறாதீங்க கோச், இடது பக்கம் கோச் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஜனங்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள்.

நீங்கள் தட்டவில்லை. மீட் பையைப் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள். அது பரவாயில்லை. விசில் அடித்தால் ஆட்டம் நிற்கத்தான் வேண்டும்.

ஆகவே இந்தக் கடைசிப் பக்கத்தில் கான்ஸ்டபிள் நேரடியாகவே எழுதலாம்: எபோ எசுமனை நான்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. குடிக்கவில்லை. கோபமும் இல்லை. அந்த ஓட்டுமுறை எவ்வளவு தப்பானது என்று நிரூபிக்க நினைத்தேன், நிரூபித்தும் விட்டேன். ஒரு ஆட்டத்துக்குக்கூடத் திட்டம் போடாதவனுக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். விசில் மேல் எனக்கு ஆசை இல்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கையெழுத்து இங்கே போடட்டுமா? பேனாவுக்கு நன்றி.

ஒரே ஒரு விஷயம், மேடம். புது சீசன் ஆரம்பித்து மூன்று ஆட்டம் ஆகிறது, மூன்றும் ஒன்றுக்கு சைபர். கிளப்பிலிருந்து என்னை நீக்கிக் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. விதிப்படி இந்த நிமிஷம்வரை அனோமக்ரோமின் கோச் நான்தான். சிறையில் இருப்பவர் பெயரை ஓட்டுச் சீட்டில் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன்.

அராபா பிளாங்சன் காலையிலிருந்து வாசலில் மைக்கோடு நிற்கிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அவளை ஐந்து நிமிஷம் உள்ளே விடுங்கள். அவள் என்னிடம் இல்லை என்று சொன்னது இப்போது இருக்கிறது.